60 வயதுக்கு மேல் ஓவியம் கற்க முடியுமா? "வயசாயிடுச்சு, இனி வராது" என்ற எண்ணத்தை எப்படி விடுவது?

முடியும். ஆனால் எண்ணம் மாறட்டும், அப்புறம் தூரிகையைத் தொடலாம் என்று காத்திருக்க வேண்டாம். கை வேலை கொஞ்சம் கூடிவந்தால் எண்ணம் பின்னாலேயே வரும். கூடிவராமல் போகிறவர்களைக் கவனித்தால், பாதி சிக்கல் வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் தூரிகைப் பிடியிலும் இருக்கும். பழி மட்டும் வயதின் மேல் விழும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். வயதாக ஆகக் கண்மணி சிறுத்து, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. கூரை விளக்கு போதாது. வளைக்கக்கூடிய மேசை விளக்கு ஒன்றை, வரையும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் கையின் நிழல் தாளில் விழும். பல்பு பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று இருக்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். கலவை கெட்டுப்போவதற்கு இது போதும்.

அடுத்தது கண்ணாடி. இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்கானது. தாளைத் தாங்கும் ஓவியச் சட்டமோ (ஈசல்) 60, 70 செ.மீ. தள்ளி நிற்கிறது. மங்கலாகத் தெரிவதால் முன்னால் குனிவீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றேயான ப்ரோக்ரெசிவ் கண்ணாடி என்றால் முகவாயைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அரை மணியில் கழுத்து வலிக்கும். டேப்பால் கண்ணிலிருந்து தாள் வரை அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி கேளுங்கள். தூரப்பார்வை சரியாக உள்ளவருக்கு 40 செ.மீ.க்கு +2.50 பவர் தேவைப்பட்டால், 65 செ.மீ.க்கு +1.50 போதும்.

விரல் மூட்டு வலி இருந்தால் மெல்லிய தூரிகையை இறுக்கிப் பிடிப்பதுதான் எதிரி. காம்பைச் சுற்றி ஃபோம் குழாய் செருகி 2 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். சற்றுப் பின்னால் பிடித்து, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் அசையுங்கள். லேசான நடுக்கமும் நீளக் கோட்டில் அவ்வளவாகத் தெரியாது. வரைந்து முடித்து 2 மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். அமெரிக்காவின் கிராண்ட்மா மோசஸ் மூட்டு வலியால் எம்பிராய்டரி ஊசியை விட்டு, 70 வயதைத் தாண்டிய பிறகுதான் முழுமூச்சாக ஓவியத்துக்கு வந்தார். 1941 அறுவை சிகிச்சைக்குப் பின் ஓவியச் சட்டத்தின் முன் நிற்க முடியாமல் போன பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கத்தரிக்கோலும் வண்ணத் தாளுமாக உட்கார்ந்துவிட்டார்.

எந்த வண்ணம்? பெரும்பாலோர் வாட்டர்கலரில் தொடங்கி அதிலேயே நொந்துபோகிறார்கள். அதில் ஈரம் காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும், தப்பை மூட முடியாது. என் பரிந்துரை குவாஷ், அதாவது தண்ணீரில் கரைத்தாலும் அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி வண்ணம். காய்ந்தாலும் தண்ணீர் தொட்டால் இளகும், தப்பின் மேல் பூசி மறைக்கலாம். நான்கு நிறமும் ஒரு வெள்ளையும் போதும். தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்). மெலிந்த தாள் நெளியும். முதல் இரண்டு மாதம் தாளை உள்ளங்கை அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எல்லாம் எளிதாகவே இருந்தால் பயன் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் டெனிஸ் பார்க் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் டிஜிட்டல் புகைப்படக்கலையோ ஒட்டுத்துணித் தையலோ புதிதாகக் கற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் நினைவாற்றல் கூடியது. கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. அவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் உழைத்தார்கள். அவ்வளவு வேண்டாம், நாளுக்கு 40 நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். ஆனால் ஒவ்வொரு வாரமும் வராத ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எண்ணத்துக்கும் எடை உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பெக்கா லெவி குழுவின் 2002 ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். அதற்காகக் கண்ணாடி முன் நின்று "நான் இளமையாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. "இந்த வயசிலும் என்னமா வரையறீங்க!" என்ற வீட்டாரின் பாராட்டையும் ஓரமாக வையுங்கள், அதில் மதிப்பெண் வயதுக்குத்தான் விழுகிறது. இந்த நிழல் தப்பு, இந்தக் கோடு கோணல் என்று சொல்லும் ஓர் ஆசிரியர் போதும்.

சிலவற்றை மட்டும் வயது என்று விடாதீர்கள். நிறங்கள் மங்கிப் பழுப்பாகத் தெரிந்தால் கண்புரை இருக்கலாம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு அதை 1912-இலேயே கண்டறிந்தும் 1923 வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார், நிறங்கள் அவருக்குக் குழம்பின. கை சும்மா மடியில் இருக்கும்போதே நடுங்கினாலோ, கையெழுத்து வரவரச் சிறுத்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.