வின்னெபாவின் மான் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

கானாவில் வின்னெபா என்ற ஊரில் நடக்கும் அபோக்யேர் விழாவை ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு பெருங்கூட்டம் காட்டுக்குள் ஓடி, வெறுங்கையால் ஒரு மானைப் பிடித்து உயிரோடு தூக்கி வருகிறது. ராஜா அதன்மேல் கால் வைக்கிறார். பல்கலைக்கழகம் உள்ள ஊர், தேர்தல் நடக்கிற நாடு. அங்கே இன்னும் இந்த ஆதிகாலச் சடங்கும் ராஜாவும் எதற்கு? மான் பாவமில்லையா? அடுத்த வருடம் வேலையாக அக்ரா போகிறேன். நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன், இதை நேரில் போய்ப் பார்க்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மான் பாவம்தான். நீங்கள் மட்டன் சாப்பிடாதவர் என்றால் மேலே பேசலாம், சாப்பிடுகிறவர் என்றால் இதை இத்தோடு விட்டுவிடுவோம்.

‘ஆதிகாலச் சடங்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. ஆப்பிரிக்கா என்றாலே அங்கே எல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. இரண்டு நிமிட வீடியோ பார்த்தாலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த விழாவின் பின்கதையைக் கொஞ்சம் தேடியிருந்தால் அந்தச் சொல்லை நீங்களே அடித்திருப்பீர்கள். வின்னெபாவின் எஃபுட்டு மக்கள் சொல்வது இது: அவர்களுடைய தெய்வம் பென்க்யே ஒட்டு முதலில் கேட்டது அரச குடும்பத்திலிருந்து ஓர் ஆள். ஊர் போய் முறையிட்டது. சரி, உயிரோடு ஒரு சிறுத்தையைக் கொண்டுவாருங்கள் என்றது தெய்வம். அதைப் பிடிக்கப் போனவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடியும் முறையீடு, கடைசியில் மானுக்கு இறங்கி வந்தது. தெய்வத்தோடு இரண்டு தடவை பேரம் பேசி ஜெயித்தோம் என்று தன் விழாவைப் பற்றித் தானே கதை சொல்லும் ஊரைப் போய் மாறாத ஊர் என்கிறீர்கள்.

நான் அக்ராவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து மேஜையில் ஒரு வின்னெபாக்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர், மெதுவாகப் பேசுபவர், வவுச்சரில் ஒரு பைசா இடித்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். மே மாத முதல் சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்தார் என்றால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கிழித்த கோடுகள். அவர் டென்ட்செஃபோ. ஊரில் அசாஃபோ என்கிற பழைய போர்ப்படைகள் இரண்டு, துவாஃபோ முதல் படை, டென்ட்செஃபோ இரண்டாம் படை. எந்தப் படையில் சேருவது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, அப்பா எதுவோ அதுதான். விடிகாலையில் இரண்டும் தனித்தனியாகக் காட்டுக்குள் இறங்கும். எது முதலில் மானைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த் தலைவர் (நீங்கள் ராஜா என்றவர்) முன்னால் வந்து நிற்கிறதோ அது ஜெயித்தது. எங்கள் கிடங்கில் ஒரு துவாஃபோ பையன் இருந்தான். தோற்ற வருடங்களில் நம்மவர் அந்த வாரம் முழுக்கக் கிடங்குப் பக்கமே போக மாட்டார், ரசீதுகளை என்னிடம் கொடுத்தனுப்புவார். ஜெயித்த வருடம் சிவப்பும் மஞ்சளுமான சட்டையோடு வந்து, வேண்டுமென்றே அந்தக் கிடங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு தன் மேஜைக்குப் போவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர்!

அவர்தான் எனக்கு அந்தக் கால் விஷயத்தைப் புரிய வைத்தார். பிடித்து வந்த மானின் மேல் தலைவர் வெறுங்காலை மூன்று முறை வைப்பார். காணிக்கையை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். வீடியோவில் அது உங்களுக்குக் கொடூரமாகத் தெரிந்திருக்கிறது. ஊர்க்காரன் பார்ப்பது வேறு. யாருடைய கால் என்று பார்க்கிறான். ஏனென்றால் அந்தச் சின்ன ஊரில் கார்ட்டி குடும்பமும் அயிரெபி அக்குவா குடும்பமும் தலைமைக்காகப் பல பத்தாண்டுகளாகக் கோர்ட்டு ஏறி இறங்கியவர்கள். சுற்றிலும் இருக்கிற ஃபான்டி மக்களுக்குத் தாய்வழி வாரிசுமுறை, தலைமை மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். எஃபுட்டுகள் குவான் இனத்தார், அவர்கள் வழக்கம் தந்தைவழி. எங்களுடையது தந்தைவழிதான் என்கிறது ஒரு குடும்பம், தாய்வழியிலும் உரிமை உண்டு என்கிறது மற்றது. இந்த நிலையில் ஊரே கூடி நிற்கும்போது மானின் மேல் ஒருவர் கால் வைத்துவிட்டார் என்றால் அது பத்திரப் பதிவு மாதிரி. அதனால்தான் சில வருடங்களில் மானைவிடப் போலீஸ்காரர்கள் மேல்தான் எல்லாருக்கும் கண். இரண்டு வாரிசுமுறைகள் ஒன்றோடொன்று மோதிப் பல பத்தாண்டுகள் இழுத்த ஒரு வழக்கை நீங்கள் சடங்கு என்று பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது என்றால் இதற்குத்தான்.

தேர்தல் இருக்கும்போது ராஜா எதற்கு என்ற கேள்விக்கு அந்த நாட்டுக்காரர்களே 1992 அரசியல் சட்டத்தில் பதில் எழுதிவிட்டார்கள். பாரம்பரியத் தலைமைக்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் தலைவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது, பாராளுமன்றத்துக்கு நிற்க ஆசையென்றால் முதலில் பதவியை விட்டு இறங்க வேண்டும், 276ஆவது பிரிவு. நம் பக்கம் இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அரசியல் சட்டம் எழுதுவதை அந்தக் கடற்கரை யாரிடமும் போய்க் கற்கவில்லை. வின்னெபாவின் அரசர் நான்காம் கார்ட்டி, ஃபான்டி தலைவர்கள் சேர்ந்து அமைத்த ஃபான்டி கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். அந்தக் கூட்டமைப்பு 1871இல் மான்கெசிம் என்ற ஊரில் எழுதிய சட்டத்தில் பள்ளிக்கூடங்கள் உண்டு, 15 அடி அகலச் சாலைகள் உண்டு, சாலையின் இரண்டு பக்கமும் ஆழமான சாக்கடை வேண்டும் என்பது வரை உண்டு. ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள்? அதன் பொறுப்பாளர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கொஞ்ச நாளில் கூட்டமைப்பே கலைந்துபோனது. 1961இல் கானாவின் முதல் ஜனாதிபதி நிக்ரூமா தன் அரசியல் சித்தாந்தக் கல்லூரியைத் திறந்ததும் இதே வின்னெபாவில்தான். நீங்கள் சொன்ன பல்கலைக்கழகம் அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு வந்தது.

விட்டால் எழுதிக்கொண்டே போவேன். நீங்கள் கேட்டது போகலாமா என்றுதானே? போங்கள். அக்ராவிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இரவே போய்த் தங்கிவிடுங்கள், சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மான் வந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள். மே மாதம் முடியவில்லை என்றால் ஜனவரி 1 அன்று போங்கள், முகமூடிக் குழுக்கள் பேண்டு வாத்தியத்தோடு ஆடும் போட்டி இருக்கிறது, அதில் யார் காலும் யார் மேலும் படாது, உங்களுக்கு நிம்மதி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொண்டு சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் ஏர்போர்ட்டைத் தாண்ட முடியாது.