தையல் கேள்வி - பதில்

கேள்வி: பீரோவில் 2½ மீட்டர் காட்டன் துணி நாலைந்து வருடமாகக் கிடக்கிறது. பன்னா (துணியின் அகலம்) 44 அங்குலம். என் இடுப்பு 32. எலாஸ்டிக் வைத்து 36 அங்குல உயரத்தில் பாவாடை வருமா?

பதில்: தாராளமாக வரும். முதலில் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையிலேயே உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையலாம். வெளிச்சத்தில் பிடித்து மடிப்புக் கோடுகளையும் பாருங்கள். நைந்த இடத்தை வெட்டில் தவிர்க்கவும்.

உயரம் 36, எலாஸ்டிக் மடிப்புக்கு 1¾, கீழ் மடிப்புக்கு 2: ஆக 39¾, தோராயமாக 40 அங்குலத்தில் முழுப் பன்னாவாக இரண்டு துண்டுகள். மிச்சத்தில் பாக்கெட் வரும் (பாக்கெட் இல்லாத பாவாடை எதற்கு?). கரை (துணியின் நெய்த ஓரம்) இழுத்துச் சுருக்கும், அதை வெட்டிவிட்டுப் பக்கங்களைத் தையுங்கள்.

1 அங்குல எலாஸ்டிக் 31 அங்குலம் போதும். அதில் 1 அங்குலம் ஒட்டுக்கு. மேல்விளிம்பை ½ மடித்து, பிறகு 1¼ மடித்துத் தைத்து, கோர்க்க இரண்டு அங்குல வாய் விடுங்கள். குழல் இதைவிட அகலமானால் எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்ளும். கோர்த்தபின் இரு பக்கத் தையலின் மேலும் ஒரு நேர்த்தையல் போட்டால் அசையாது.

கேள்வி: பழைய பட்டுச் சேலையில் 6 வயது மகளுக்குப் பாவாடை?

பதில்: மடிப்புகளில் ஜரிகை இற்றுப்போயிருந்தால் வேண்டாம், தையல் நிற்காது. நன்றாக இருந்தால் 3 மீட்டர் எடுத்து, பார்டர் கீழே வரட்டும். காட்டன் லைனிங் கட்டாயம். பார்டருக்கு மேலே உட்பக்கமாக இரண்டு டக் (மடித்துப் போடும் தையல்) பிடித்தால், வளர வளரப் பிரித்துவிடலாம்.