பதில் சொல்லாமல் ஜெயிப்பவர்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் பெயர் சொல்லப்பட்டவர் செனட் (நாடாளுமன்ற மேலவை) முன்னால் காட்டவேண்டிய ஒரே திறமை, நாள் முழுக்கப் பேசி ஒன்றுமே சொல்லாமல் இருப்பதுதான் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கத்தையே விழுங்கிவிட்டன. பாதிப் பேர் என்னை ஜனநாயகக் கட்சியின் ஏஜென்ட் என்கிறார்கள். டல்லாஸிலிருந்து ஒருவர் மட்டும் குடியரசுக் கட்சி என்கிறார். அவருக்கு என் கணவர் நன்றி சொல்லச் சொன்னார்.

எடிசன், நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி: அம்மா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்குச் சட்டப் படிப்பே தேவையில்லை என்கிறான் பள்ளியில் படிக்கும் என் பையன். கிண்டல் பண்ணுகிறானா?

இல்லை, ஒழுங்காகப் படித்திருக்கிறான். அரசியல் சாசனத்தில் வயது, படிப்பு, அனுபவம் எதுவும் சொல்லப்படவில்லை. அதிபர் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். செனட் ஆலோசனை சொல்லி ஒப்புதல் தர வேண்டும். அவ்வளவுதான் விதி. இதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சட்டம் தெரிந்தவர்கள் என்பது வழக்கம், விதி அல்ல.

பையனிடம் இன்னொன்றும் கேளுங்கள். நீதிபதிகள் ஒன்பது பேர் என்று எங்கே எழுதியிருக்கிறது? சாசனத்தில் இல்லை. 1789-ல் ஆறு பேர். 1866-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் கையில் நியமனமே சிக்கக்கூடாது என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எண்ணிக்கையை ஏழாகக் குறைத்துச் சட்டம் போட்டது. அவர் வீட்டுக்குப் போனதும் 1869-ல் ஒன்பது. 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அதைப் பதினைந்து வரைக்கும் ஏற்றப் பார்த்தார். சொந்தக் கட்சிக்காரர்களே காலை வாரிவிட்டார்கள்.

அட்லாண்டா வாசகர்: முன்பெல்லாம் நீதிபதி நியமனத்தில் கட்சி அரசியல் இருந்ததில்லை. இந்தக் கேடு எப்போது வந்தது?

முதல் அதிபர் காலத்திலேயே வந்தது ஐயா. 1795-ல் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை நீதிபதியாக ஜான் ரட்லெட்ஜைக் கொண்டுவந்தார். பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்தை அந்த மனிதர் மேடை போட்டுத் திட்டியிருந்தார். செனட் 14-க்கு 10 என்று கதவைச் சாத்தியது. வாஷிங்டனுக்கே அந்தக் கதி.

ஆனாலும் உங்கள் ஞாபகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இடையில் ஒரு நல்ல காலம் இருந்தது. 1962-ல் பைரன் வைட்டுக்கு ஓட்டுக்கூட எண்ணவில்லை, குரல் வாக்கிலேயே முடித்துவிட்டார்கள். 1986-ல் ஸ்காலியா 98-0. அவர் எவ்வளவு தீவிரமான பழைமைவாதி என்பது எல்லோருக்கும் தெரியும். 1993-ல் கின்ஸ்பர்க் 96-3. அவர் தாராளவாதி என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதே செனட்டில் 2022-ல் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சனுக்கு 53-47.

நடுவில் என்ன ஆயிற்று என்றால், பலரும் 1987-ஐக் காட்டுவார்கள். அதிபர் ரேகன், பழைமைவாதியான ராபர்ட் போர்க் பெயரை அறிவித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி எழுந்து, 'போர்க்கின் அமெரிக்கா' எப்படி இருக்கும் என்று ஒரு பயங்கரச் சித்திரம் வரைந்தார். போர்க் யேலில் பேராசிரியராக இருந்தவர். எதைக் கேட்டாலும் வகுப்பெடுத்தார். எந்தத் தீர்ப்பு தப்பு, ஏன் தப்பு என்று நாள் கணக்கில் விளக்கினார். 42-58, தோல்வி.

இதில் ஒரு கிளைக்கதை. அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடியோ கடையில் அந்தக் குடும்பம் வாடகைக்கு எடுத்த கேசட்டுகளின் பட்டியலை ஒரு நிருபர் வாங்கி அச்சிட்டுவிட்டார். 146 கேசட்டுகள். ஏதாவது அசிங்கமாகச் சிக்கும் என்று பார்த்தால், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வீட்டிலும் ஓடுகிற படங்கள். ஆனால் செனட்டர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர்களும் வீடியோ கடைக்குப் போகிறவர்கள்தானே! மறுவருஷமே, வாடிக்கையாளர் என்ன படம் எடுத்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. போர்க்கை வைத்து இரண்டு கட்சியும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

சான் ஹோஸே வாசகி: நீதிபதி ஆகப்போகிறவரைச் செனட்டர்கள் கேள்வி கேட்கும் அந்த விசாரணைகளை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா, அல்லது எல்லாம் டிவி ஞானம்தானா?

ஒரே ஒரு தடவை. 22 வருஷம் வாஷிங்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக (வக்கீல்களின் உதவியாளராக) இருந்தேன். 2009 ஜூலையில், ஒபாமா பெயர் சொன்ன சோனியா சோட்டோமேயர் விசாரணை. இரண்டாம் நாள், பாதி நாள் லீவு போட்டுவிட்டு செனட்டின் ஹார்ட் அலுவலகக் கட்டடத்தில் 216-ஆம் எண் அறைக்கு வெளியே வரிசையில் நின்றேன். பொதுமக்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து எழுப்பிவிட்டு, அடுத்த கும்பலை உள்ளே விடுவார்கள். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை.

டிவியில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீதிபதி மேஜைக்கும் செனட்டர்களின் உயர்ந்த மேடைக்கும் நடுவில் தரையில் புகைப்படக்காரர்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்தால் கிளிக் கிளிக். தண்ணீர் டம்ளரைத் தொட்டால் மழை பெய்கிற மாதிரி சத்தம். விமான நிலையத்தில் தடுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் முறிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முகத்தில் அது துளியும் தெரியவில்லை.

கேள்வி ஒன்றேதான், திரும்பத் திரும்ப. ஞானமுள்ள ஒரு லத்தீனப் பெண் தன் வாழ்க்கை அனுபவத்தால் ஒரு வெள்ளைக்கார ஆணைவிட நல்ல முடிவுக்கு வரக்கூடும் என்று 2001-ல் ஒரு சொற்பொழிவில் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். சொல்லலங்காரமாகச் சொன்னது, எடுபடவில்லை என்று அவர் பொறுமையாக மழுப்பினார். அருகில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினப் பாட்டி என் காதோரம் "அதில் என்ன தப்பு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அதற்குள் எங்களை எழுப்பிவிட்டார்கள்.

ருசியான கட்டம் மறுநாள் நடந்தது. நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். சிறுவயதில் பெரி மேசன் என்ற வக்கீலைப் பற்றிய டிவி தொடர் பார்த்துத்தான் சட்டத்தில் ஆசை வந்தது என்று சோட்டோமேயர் சொல்லியிருந்தார். பதவியேற்று ஒரு வாரமே ஆன செனட்டர் ஆல் ஃபிராங்கன், முன்னாள் காமெடியன், கேட்டார்: பெரி மேசன் தோற்ற அந்த ஒரு வழக்கின் பெயர் என்ன? அம்மாவுக்கு நினைவில்லை. வெள்ளை மாளிகையில் இதற்கெல்லாம் தயார் செய்து அனுப்பவில்லையா என்றார் ஃபிராங்கன். அறையே சிரித்தது. நாலு நாளில் பதிலை யாரும் முன்கூட்டி ஒத்திகை பார்க்காத கேள்வி அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

ஒத்திகை என்று சொன்னது உவமைக்கு அல்ல. நிஜமாகவே நடக்கிறது. பெரிய வக்கீல்கள் செனட்டர் வேஷம் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அதற்கு 'மர்டர் போர்டு' என்று பெயர். பெயர் சொல்லப்பட்டவரைச் செனட்டர் வீடு வீடாக, மன்னிக்கவும், அறை அறையாக அழைத்துப்போகிறவருக்கு 'ஷெர்பா' என்று பெயர். 2005-ல் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸுக்கு ஷெர்பாவாக வந்தவர் ஃபிரெட் தாம்சன். முன்னாள் செனட்டர், டிவியில் அரசு வக்கீலாக நடித்துக்கொண்டிருந்தவர். இதைவிடப் பொருத்தமாக ஆள் கிடைக்குமா?

எலினா கேகன் 1995-ல் பேராசிரியராக இருந்தபோது, இந்த விசாரணைகள் வெறும் கூத்து, நீதிபதிகள் வாய் திறந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்று விளாசி எழுதினார். 2010-ல் அதே நாற்காலியில் தானே உட்கார்ந்தபோது, அப்போது கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்றார். போர்க்கின் பாடம் அவருக்கும் தெரியும்.

சிகாகோ வாசகர்: 2016-ல் ஒபாமா பெயர் சொன்ன மெரிக் கார்லண்டைக் குடியரசுக் கட்சி தடுத்ததை மட்டும் பெரிதாக எழுதுகிறீர்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் செய்தது உங்கள் கண்ணில் படாதா?

படும். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

2006-ல் இளைய புஷ் கொண்டுவந்த சாமுவேல் அலிட்டோவை ஓட்டெடுப்புக்கே விடாமல் பேசிப் பேசி இழுத்தடிக்கப் பார்த்தார்கள். 'ஃபிலிபஸ்டர்' என்பது இதுதான். விவாதத்தை முடிக்க 60 பேர் வேண்டும் என்ற விதியைப் பிடித்துத் தொங்குவது. அந்த முயற்சிக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர் பெயர் பராக் ஒபாமா. பலிக்கவில்லை. 2013-ல் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று விதியை உடைத்தார். உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தார். 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் மிச்சத்தையும் உடைத்தார். மறுநாளே டிரம்ப் பெயர் சொன்ன நீல் கோர்சச் 54-45.

2016 பிப்ரவரி 13 அன்று ஸ்காலியா இறந்தார். ஒபாமா மார்ச் 16-ல் கார்லண்ட் பெயரைச் சொன்னார். தேர்தல் வருஷம், மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லிக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 293 நாள் காத்திருக்க வைத்தார்கள். விசாரணைகூடக் கிடையாது. 2020 செப்டம்பர் 18 அன்று கின்ஸ்பர்க் இறந்தார். அந்த இடத்துக்கு டிரம்ப் பெயர் சொன்ன ஏமி பாரெட்டுக்கு அக்டோபர் 26-ல் 52-48 என்று ஒப்புதல். தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தது. 2020-ல் அதிபரும் செனட்டும் ஒரே கட்சி, அதனால் இது வேறு என்றார்கள். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் 2016-ல் வாக்காளரிடம் சொன்ன காரணம் அதுவாகவா இருந்தது?

எனக்கு லிண்ட்ஸி கிரஹாம் என்ற ஒரு குடியரசுக் கட்சி செனட்டர்மேல் தனிப் பிரியம். கிண்டல் இல்லை. மொத்தக் கதையும் அவர் ஒருவரிடமே இருக்கிறது. 2009-ல் சோட்டோமேயரிடம், நீங்களாக நிலைகுலைந்து போனால் ஒழிய உங்களுக்கு ஒப்புதல் உறுதி என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிடிக்காவிட்டாலும், ஜெயித்த அதிபருக்கு அந்த உரிமை உண்டு என்று ஆதரவாக ஓட்டும் போட்டார். கேகனுக்கும் போட்டார். 2016-ல், நாளைக்கு எங்கள் அதிபரின் கடைசி வருஷத்தில் இடம் காலியானால் என் சொல்லையே எனக்கு எதிராகத் திருப்புங்கள் என்றார். 2020-ல் பாரெட் விசாரணைக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான்! சொல்லைத் திருப்பினார்கள், அவர் அசரவில்லை. 2021-ல் ஜாக்சனை அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்ப ஆதரவு ஓட்டு. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் என்றதும் எதிர்ப்பு.

ராலே வாசகி: கட்சியை மீறி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுகிறவர் ஒருவராவது இருக்கிறாரா?

விரல் விட்டு எண்ணலாம். குடியரசுக் கட்சியில் சூசன் காலின்ஸ், லிசா முர்கௌஸ்கி. ஜனநாயகக் கட்சியில் ஜோ மான்சின் மட்டும் 2018-ல் டிரம்ப் பெயர் சொன்ன பிரெட் கவனாவுக்கு ஆதரவு கொடுத்தார்.

அந்த ஓட்டெடுப்பில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவில்லை. ஊரே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, செனட் பார்வையாளர் மாடத்தில் கூச்சல். ஸ்டீவ் டெய்ன்ஸ் என்ற குடியரசுக் கட்சி செனட்டருக்கு அன்றைக்கே மோன்டானாவில் மகள் கல்யாணம். முர்கௌஸ்கி கவனாவுக்கு எதிர்ப்பு. ஆனால் எதிர்த்து ஓட்டுப் போடாமல் 'ஆஜர்' என்று மட்டும் சொன்னார். இவர் எதிர்ப்பும் அவர் ஆதரவும் கழிந்துபோய்விடும், டெய்ன்ஸ் பறந்து வர வேண்டியதில்லை. அதனால்தான் கணக்கு 50-48. கல்யாணத்துக்காக ஒருவர் ஓட்டை விட்டுக்கொடுத்தார் என்று படித்தபோது எனக்கு என்னவோ அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சாப்பாடு இறங்கியது.

டாம்பா வாசகர்: நியமித்த கட்சிக்கு நீதிபதி விசுவாசமாக இருப்பாரா?

முன்பு இருந்ததில்லை. கருக்கலைப்பு உரிமை தந்த 1973 ரோ தீர்ப்பை எழுதிய பிளாக்மன், நிக்ஸன் நியமித்தவர். மூத்த புஷ் கொண்டுவந்த டேவிட் சூட்டர் தாராளவாதிகள் பக்கம் போய்விட்டார். "இன்னொரு சூட்டர் வேண்டாம்" என்பது பழைமைவாதிகளின் கோஷமாகவே ஆயிற்று. அதன்பிறகு சல்லடை போட்டுச் சலித்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். 2010 முதல் தாராளவாத அணியில் இருப்பவர் எல்லோரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்களே.

டல்லாஸ் வாசகர்: குறை சொல்வது சுலபம். மாற்று என்ன?

இப்போது இருக்கிற ஆயுள் பதவிக்குப் பதில் பதினெட்டு வருஷப் பதவிக்காலம். ஒன்பது பேர், இரண்டு வருஷத்துக்கு ஒருவர், கணக்குச் சரி. ஒவ்வொரு அதிபருக்கும் ஒரு தவணைக்கு இரண்டு இடம். யார் எப்போது சாவார் என்று ஆஸ்பத்திரிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாற்பத்தெட்டு வயது ஆளாகப் பார்த்துத் தேடவும் வேண்டாம். 2024-ல் பைடன் இதைச் சொன்னார், அவர் கட்சிக்கு வசதியான நேரத்தில். சாசனத் திருத்தம் வேண்டும் என்பார்கள். அதற்கு 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். அப்படியே வந்தாலும், எதிர்க்கட்சி செனட் ஓட்டெடுப்பே நடத்தாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஹூஸ்டன் வாசகி: அக்கா, உங்கள் கணவர் குடியரசுக் கட்சி என்று எழுதுகிறீர்கள். வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

2020 அக்டோபரில் பாரெட் விசாரணை. செனட்டர் ஜான் கார்னின், எங்கள் எல்லோர் முன்னாலும் கட்டுக் கட்டாகக் குறிப்புகள் இருக்கின்றன, உங்கள் முன்னால் என்ன என்று கேட்டார். பாரெட் நோட்டைத் தூக்கிக் காட்டினார். வெறும் தாள். மேலே செனட்டின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. என் கணவர் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார். "பார்த்தியா, ஒரு துண்டுச்சீட்டு கிடையாது!"

"பதில் சொல்லப் போகிறவளுக்குத்தானே குறிப்பு வேணும்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அவரவர் காபியை அவரவர் போட்டுக்கொண்டோம்.