'யூரி ஆன் ஐஸ்' அனிமேயில் வரும் ஸ்கேட்டிங் நிஜத்தில் அப்படித்தானா? முப்பது வயதில் தொடங்கலாமா?

ஆட்டம் நிஜம்தான். 2016-இல் வந்த இந்தத் தொடரின் ஆட்டங்களை அமைத்தவர் கென்ஜி மியாமோட்டோ, முன்னாள் ஐஸ் டான்ஸ் வீரர். நாயகன் முயலும் குவாட் ஃபிளிப் என்ற நான்கு சுற்றுத் தாவலை அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானிய வீரர் ஷோமா உனோ முதன்முதலாகப் போட்டியில் செய்து காட்டினார்.

முப்பதில் தொடங்கினால் நான்கு சுற்று என்ற பேச்சே வேண்டாம். ஒற்றைச் சுற்றுத் தாவல்களே வருடக்கணக்கில் வேலை வாங்கும். அவற்றில் ஆக்சல் என்ற தாவல் முன்னோக்கிக் கிளம்புவதால் அதற்கு ஒன்றரைச் சுற்று வேண்டும். பலர் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள்.

பெரியவர்களின் பயிற்சியில் பெரும்பகுதி பிளேடின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என மாறி மாறி வளைந்து போவதுதான். எனக்கு அதுவே உயிர். ஒற்றைக் காலில் சத்தமே இல்லாமல் ஒரு வளைவு முடியும்போது வரும் நிறைவு தாவலில்கூடக் கிடைக்காது.

அப்புறம், ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் 28 வயது முதலானவர்களுக்கென்றே சர்வதேசப் போட்டி நடக்கிறது. தாராளமாகத் தொடங்குங்கள். முதல் நாளே விழுந்து எழப் பழகுங்கள்.