உள்ளே சொல்ல வேண்டியதை வெளியே சொன்னவர்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் வாராந்தரக் கூட்டத்தில், உடன் பணிபுரியும் பெண் ஒருவர் வேலை தாமதமாவதற்கான காரணத்தைச் சுட்டிக்காட்டி, அதைச் சரிசெய்ய ஒரு வழியும் சொன்னார். யாரும் பொருட்படுத்தவில்லை. கால் மணி நேரம் கழித்து ஆண் அதிகாரி ஒருவர் அதையே சொன்னபோது பாராட்டு குவிந்தது. கூட்டக் குறிப்பிலும் அவர் பெயரே ஏறியது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், "முதலில் சொன்னது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்" என்றேன். "அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே, சார்" என்று கூறிவிட்டுப் போய்விட்டார். அவருக்காக நான் பேசினால், அவருக்குப் பேசத் தெரியாது என்று ஆகிவிடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவருக்காகப் பேசுவது வேறு, அவர் பேசியதற்குச் சாட்சி சொல்வது வேறு. அவர் தெளிவாகவே பேசிவிட்டார். அதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான் அங்கே நேர்ந்த குறை. "இதைத்தான் சற்று முன் அவர் சொன்னார்; மீதியையும் அவரே விளக்கட்டும்" என்று கூறிவிட்டு நீங்கள் நிறுத்திக்கொண்டிருந்தால் போதும். நிறுத்திக்கொள்வதும் முக்கியம், பெண்ணுக்கு ஆதரவாகத் தொடங்கி அரை மணி நேரம் தாமே பேசித் தீர்க்கும் ஆண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

1903ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசுக்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தினர் அனுப்பிய பரிந்துரையில் பெக்கரல், பியர் கியூரி ஆகியோரின் பெயர்கள் இருந்தன. கதிரியக்க ஆய்வில் சரிபாதியாக உழைத்த மேரி கியூரியின் பெயர் இல்லை. சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் இதைத் தெரிவித்ததும், தம்மைப் பரிசீலிப்பதானால் மேரியையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டும் என்று பியர் எழுதினார். பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முடிவு எடுக்கப்படும் முன்பே அவர் எழுதினார் என்பதையும், தமக்கு வரவிருந்த பெருமையில் பங்கு குறையும் என்று தெரிந்தே எழுதினார் என்பதையும் கவனியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மனைவியிடம் வருத்தம் தெரிவிப்பதோடு நின்றிருந்தால், அது நீங்கள் வெளியே வந்து சொன்ன ஆறுதலைப் போலத்தான் இருந்திருக்கும். மேரியின் திறமைக்கு யாருடைய சான்றும் தேவைப்படவில்லை. 1911இல் வேதியியல் நோபல் பரிசை அவர் தனியாகவே பெற்றார்.

உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பழைய குறிப்பைப் படித்து ஏற்கும்போது திருத்தம் கோருவது வழக்கமான நடைமுறைதான். யோசனையைச் சொன்னவர் பெயரைச் சேர்க்கும்படி கேளுங்கள். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதிகாரியின் மனக்கசப்பு நாளை அவர் மீதுதான் திரும்பும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: வீட்டு வேலைகளில் மனைவிக்கு நிறையவே உதவுகிறேன். ஆனாலும் அவருடைய குறை தீரவில்லையே, ஏன்?

– மற்றொரு வாசகர்

பதில்: 'உதவுகிறேன்' என்கிறீர்களே, அதிலேயே வேலை அவருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். உலக அளவில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. தீரப்போகும் மருந்தையும், பள்ளிக்குக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய தாளையும் நாள் முழுவதும் நினைவில் சுமப்பதைக் கடிகாரம் வைத்து அளக்கவும் முடியாது. சொன்னதைச் செய்யும் கணவரிடமும் ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது என்பதே அவருடைய சலிப்பாக இருக்கலாம். பத்து வேலைகளில் கைகொடுப்பதைவிட, இரண்டை அடி முதல் நுனி வரை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது, அடுத்த ஊசி எப்போது என்பது அவரைக் கேட்காமல் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அதிலிருந்தே தொடங்கலாம்.