எண்கள் ஒத்துப்போகாத கவாசாகி இசட்1, வாங்கலாமா?

அண்ணா, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விலைக்கு வந்திருக்கும் 1973 கவாசாகி இசட்1 பைக்கில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வேறு வேறாக இருக்கிறதே, ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், அந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படித்தான், இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சேசிஸில் இசட்1எஃப், என்ஜினில் இசட்1ஈ என்று தொடங்குகிறதா, எழுத்துகளைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த வருட 903 சிசி என்ஜினுக்குக் கறுப்பு பெயின்ட். விற்பவர் அனுப்பிய படத்தில் அலுமினியம் பளபளக்கிறது என்கிறீர்கள், பிற்பாடு யாராவது பெயின்டைச் சுரண்டியிருக்கலாம், வேறு வருட என்ஜினாகவும் இருக்கலாம், எதுவானாலும் விலையைக் குறைக்க நல்ல காரணம்.

நான் போனால் முதலில் பார்ப்பது நான்கு சைலன்சரையும்தான். டர்பனில் ஓடிய வண்டி என்றால் கடல்காற்று சும்மா விட்டிருக்காது, அசல் செட் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், பேப்பர் தொலைந்துவிட்டது என்கிறாரே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பதிவுச் சான்றிதழை முதலில் அவர் பெயரிலேயே எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை முன்பணமாக ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள்.