பெரியப்பாவின் பழைய லென்ஸ்கள்: டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கு எது சரிவரும்?

கேள்வி: அண்ணன், நான் மட்டக்களப்பு ஆரையம்பதி. பழைய லைக்கா எம் டைப் 240 ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுத்தேன், காசெல்லாம் கமராவோடேயே முடிந்துவிட்டது. பெரியப்பா பிலிம் காலத்தில் பாவித்த மூன்று லென்ஸ் அலுமாரியில் கிடக்கிறது: திருகி மாட்டும் கெனான் 50 மி.மீ. எஃப் 1.8, ரஷ்ய ஜூப்பிட்டர்-8, எஸ்எல்ஆர் கமராவுக்கான நிக்கோர் 35 மி.மீ. இவற்றைப் பாவிக்கலாமா? எந்த அடாப்டர் வாங்க வேண்டும்? கெனானுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, பூஞ்சணமா?

தம்பி, லென்ஸ் கமராவில் மாட்டுப்படுவது வேறு, ரேஞ்ச்ஃபைண்டரோடு, அதாவது கமராவில் தூரம் பார்த்துப் போகஸ் பண்ண உதவும் அமைப்போடு, சேர்ந்து இயங்குவது வேறு. உங்களிடம் இருக்கிற மூன்றையும் மாட்டலாம், ஆனால் இரண்டுதான் சேர்ந்து இயங்கும். கமராவின் வாய்க்குள் மேல்பக்கம் பாருங்கள், சின்ன உருளை ஒன்று இருக்கும். நீங்கள் போகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸின் பின்பக்க உலோக வளையம் அந்த உருளையைத் தள்ளும், அந்த அசைவுதான் வியூஃபைண்டரில் இரட்டையாகத் தெரிகிற உருவத்தை ஒன்றாக்குகிறது. நிக்கோரில் அந்த வளையமே இல்லை. எந்த அடாப்டரைப் போட்டாலும் உருவம் அசையாது.

கெனானிலிருந்து தொடங்குவோம். இது 39 மி.மீ. திருகு மவுண்ட் (மவுண்ட் என்பது லென்ஸ் கமராவில் மாட்டுப்படும் வாய்), 1954-இல் எம் மவுண்டோடு எம்3 வருவதற்கு முன் லைக்காவே பாவித்தது. திருகு மவுண்டில் மவுண்டின் முகப்புக்கும் பிலிமுக்கும் இடையில் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8. வித்தியாசம் சரியாக 1 மி.மீ., அடாப்டர் அந்தத் தடிப்புள்ள ஒரு வளையம், அவ்வளவுதான். ஆனால் அந்த 1 மி.மீ. உண்மையிலேயே 1 மி.மீ. ஆக இருக்க வேண்டும், மிக மலிவான வளையங்களில் அது பிசகினால் தூரப் போகஸ் சரிவராது, பிறகு நீங்கள் லென்ஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, இந்த வளையங்கள் மூன்று வகையாக வரும்: 28/90, 35/135, 50/75. எண்கள் லென்ஸின் மி.மீ. படத்தில் எவ்வளவு விழும் என்று காட்டும் சட்டக் கோடுகளில் எது வியூஃபைண்டரில் எரிய வேண்டும் என்பதை அதுதான் கமராவுக்குச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது 50/75. சாதாரண டைப் 240-இல் கோடு மாற்றுகிற நெம்பு இல்லை, அதனால் தவறான வளையம் வாங்கினால் தவறான கோட்டோடேயே இருக்க வேண்டியதுதான். கெனானுக்கும் ஜூப்பிட்டருக்கும் ஒரே வளையம் போதும், இரண்டும் திருகு மவுண்ட் 50 தானே. ஆனால் பில்டரை மட்டும் மாற்றிப் போடாதீர்கள்: கெனானுக்கு 40 மி.மீ., ஜூப்பிட்டருக்கு 40.5. பார்க்க ஒன்றுபோல இருக்கும், அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

ஜூப்பிட்டர்-8 கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. சோவியத்காரர் இதை ஜெர்மனியின் கொன்டாக்ஸ் கமராவின் அளவை ஒட்டிச் செய்தார்கள். அதில் 50 என்பது உண்மையில் 52.4 மி.மீ., லைக்காவில் 51.6. தூரத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கிட்ட வர வர ரேஞ்ச்ஃபைண்டர் காட்டுகிற இடமும் படத்தில் துல்லியமாக விழுகிற இடமும் விலகும். பெரியப்பா காலத்தில் சின்னப் பிரின்ட் போட்டுப் பார்த்ததால் இது தெரிந்திருக்காது, நீங்கள் 24 மெகாபிக்சலைத் திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்துப் பார்க்கிறீர்கள், அப்போது தெரியும்.

அதனால் எதையும் நம்பாமல் சோதியுங்கள். அடிமட்டம் ஒன்றை மேசையில் சாய்வாக வைத்து, கமராவை முக்காலியில் 1 மீட்டருக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரம்) முழுக்கத் திறந்து, ஒரு கோட்டில் ரேஞ்ச்ஃபைண்டரால் போகஸ் பண்ணி எடுங்கள். பிறகு அதே கோட்டில் லைவ் வியூவில், அதாவது லென்ஸ் காண்பதைக் கமராவின் பின்திரையில் பார்த்து, பெருப்பித்து இன்னொன்று. இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் பெரும்பாலும் கமராவில் பிழை, ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸில். தூரப் போகஸுக்கு முகத்துவாரம் வெளிச்சவீட்டை எட்ட நின்று பாருங்கள், லென்ஸ் கடைசி வரை திரும்பி நிற்கும்போது இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். ஜூப்பிட்டர் கிட்டத்தில் விலகினாலும் எறிந்துவிடாதீர்கள், எஃப் 5.6 அல்லது 8-இல் அந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துபோகும், ஆளைக் கிட்ட எடுக்கும்போது லைவ் வியூ போடுங்கள்.

பூஞ்சண விஷயம். இருட்டில் ரோச் லைட்டை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்திருந்தால் பூஞ்சணம், மெல்லிய புகைபோல வட்டமாகப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் மசகு எண்ணெயின் ஆவி படிந்தது. கெனான் 50 எஃப் 1.8-க்கு இந்தப் புகை பேர்போனது, அப்பெர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில்தான் வரும். நேரத்தோடு துடைப்பித்தால் போகும், வருடக்கணக்காக விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே கழற்றாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்கச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள், சூட்டில் எண்ணெய் இளகி அப்பெர்ச்சர் இதழ்களில் இறங்கும். ஒரு லென்ஸிலிருந்து மற்றதற்குத் தொற்றிவிடும் என்ற பயமும் அளவுக்கு மீறியது, பூஞ்சண வித்து காற்றிலேயே இருக்கிறது, அதை வளர்ப்பது ஈரம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நமக்கு மாரி மாதங்களில் அலுமாரியை விட மோசமான இடம் கிடையாது, தோல் உறையில் போட்டு வைத்தால் இன்னும் மோசம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று, 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசுதான் மிச்சம்.

நிக்கோருக்கு வேறு அடாப்டர், ஏறக்குறைய 19 மி.மீ. நீளத்தில் குழாய்போல இருக்கும். உங்கள் 240-இல் லைவ் வியூ இருப்பதால்தான் இந்தப் பேச்சே, லைவ் வியூ இல்லாத பழைய எம்9 வாங்கியிருந்தால் குத்துமதிப்புத்தான். லைவ் வியூ இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது: எஃப் 8, போகஸ் 5 மீட்டர் என்று வைத்தால் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைவு வரை ஏற்கத்தக்க அளவுக்குத் தெளிவாக விழும், சந்தையில் நடந்து எடுக்க அது தாராளம். ஆனாலும் இப்போதைக்கு அந்த அடாப்டருக்குக் காசு போடாதீர்கள். முதலில் 50/75 வளையத்தை வாங்கி, கெனானைத் துப்புரவாக்கக் கொடுத்து, அது திரும்பி வரும்வரை ஜூப்பிட்டரோடு பழகுங்கள்.